முதல் எம்ஆர்ஐ நார்மல், ரெண்டாவதுல மூளைத்தண்டு ஸ்ட்ரோக்னு வருது, இது எப்படி?

கொளத்தூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க. எங்க பெரியப்பாவுக்கு வயசு 61, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, பிபி மாத்திரை "நல்லாத்தானே இருக்கேன்"னு பாதி நாள் போடவே மாட்டார். போன வாரம் காலைல எழுந்திரிக்கும்போதே தலை சுத்துது, நிக்க முடியலன்னு கட்டில்லயே உக்காந்துட்டார், அப்புறம் ஒரே வாந்தி. பித்தம்னு பெரியம்மா இஞ்சிச்சாறு குடுத்தாங்க. பத்து மணி வாக்குல பேச்சு குழற ஆரம்பிச்சுது, சாப்பிட எழுப்புனா வலது கால தூக்க முடியல, கீழ இறக்கி ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள இடது பக்கமும் விட்டுப்போச்சு. முகம் மட்டும் சாதாரணமாத்தான் இருந்துச்சு, வாய் கோணல, அதனாலயே ஸ்ட்ரோக்னு எங்க யாருக்கும் தோணல.

வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம் (பேர் வேணாம்). சிடி எடுத்தாங்க, நார்மல். சாயந்தரம் எம்ஆர்ஐ, அதுலயும் புதுசா ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட். நாலு கை காலும் விழுந்திருக்கு, ரிஃப்ளெக்ஸ் சரியா வரல, ஸ்கேன் நார்மல், அப்போ இது ஜிபிஎஸ்ங்கிற நரம்பு நோயா இருக்கலாம்னு சொல்லி முதுகுல தண்ணி எடுத்தாங்க. ஐவிஐஜின்னு ஒரு ஊசி, லட்சக்கணக்குல ஆகும், பணம் ரெடி பண்ணுங்கன்னாங்க. பெரியம்மா வளையல கழட்டி அடகுக்கு எடுத்து வச்சுட்டாங்க.

மறுநாள் வெளியிலேர்ந்து ஒரு நியூராலஜிஸ்ட் வந்தார். கண்ண மேல பாருங்க கீழ பாருங்கன்னார், நாக்க நீட்டச் சொன்னார், கண்ண மூடச் சொல்லிட்டு கால் கட்டைவிரல லேசா அசைச்சு "மேலயா கீழயா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார், பெரியப்பா தப்புத் தப்பா தலையாட்டுனார். கடைசியா உள்ளங்கால்ல சாவியால ஒரு கீறல். வெளிய வந்து "எம்ஆர்ஐ திரும்ப எடுக்கணும், இந்தத் தடவை நான் சொல்ற மாதிரி எடுக்கணும்"னார். எடுத்தாங்க. முகுளத்துல, அதாவது மூளைத்தண்டோட அடிப்பகுதில, ரெண்டு பக்கமும் இன்ஃபார்க்ட் (ரத்தம் போகாம செத்துப்போன இடம்). ஸ்க்ரீன்ல காமிச்சார், நிஜமாவே ஹார்ட் ஷேப்ல வெள்ளையா தெரியுது. ரொம்ப அபூர்வமான டைப்னு சொன்னார். இப்போ ஐசியூல இருக்கார், மூக்குல ட்யூப் போட்டுத்தான் கஞ்சி, மூச்சு எப்ப வேணா தடுமாறலாம்னு பயமுறுத்துறாங்க.

என் கேள்வி, முதல் ஸ்கேன்ல ஏன் தெரியல? மிஷின் சரியில்லையா, பாத்தவங்க சரியில்லையா? அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அந்த ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போட்டிருக்கலாமா? என் கசின் ஆஸ்பத்திரி மேல கேஸ் போடணும்னு நிக்கிறான், வீட்டுல தினம் சண்டை.

வடசென்னை_புலி

கேஸ் போடுங்க ப்ரோ. நார்மல்னு எழுதிக் குடுத்த ரிப்போர்ட் கையில இருக்குல்ல, அதுவே போதும். இவனுங்களுக்கு ஸ்கேன் காசு மட்டும்தான் குறி.

ஸ்கேன்ரூம்_ஆளு

புலி சார் கொஞ்சம் இருங்க. நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், நகரத்துல ரெண்டு மூணு சென்டர்ல வேலை பாத்தவன். டாக்டர் இல்ல, நோயப் பத்தி பேசமாட்டேன், மிஷினுக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன்.

மொதல்ல சிடி. சிடி எடுக்குறதே முக்கியமா ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான். மூளைத்தண்டு இருக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் காதுக்குப் பின்னாடி கெட்டியான எலும்பு, எக்ஸ்ரே அதத் தாண்டி வரும்போது குறுக்கால கறுப்புக் கோடு கோடா விழும், அந்தக் கோட்டுக்குள்ள சின்ன இன்ஃபார்க்ட் எல்லாம் ஒளிஞ்சுக்கும். அதனால சிடி நார்மல்ங்கிறதுக்கு "ரத்தம் கசியல" அப்படிங்கிற அளவுக்குத்தான் அர்த்தம்.

எம்ஆர்ஐல ஸ்ட்ரோக்குக்குன்னு எடுக்கிறது டிஃப்யூஷன். நம்ம ஒடம்புல தண்ணி மூலக்கூறு சும்மா இருக்காது, அலைஞ்சுக்கிட்டே இருக்கும். ரத்தம் போகாம செல் செத்துப்போகும்போது அது வீங்கி தண்ணி உள்ளயே மாட்டிக்கும், அலைய முடியாது, அந்த இடம் பளிச்சுன்னு வெள்ளையா வரும். பெரிய மூளைல பெரிய ஸ்ட்ரோக்னா சீக்கிரமே தெரிஞ்சிடும். முகுளம் அப்படி இல்ல. மொத்தமே ஒரு மூணு சென்டிமீட்டர் நீளம்தான். வழக்கமா வாழைத்தண்டு வில்லை போடுற மாதிரி 5 மில்லிமீட்டர் வில்லையா எடுப்போம், நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். கணக்கு போட்டுப் பாருங்க, முகுளத்துக்கு அஞ்சு வில்லைதான் தேறும், அதுல அடிபட்டது ஒண்ணு ரெண்டு வில்லைலதான் இருக்கும், அதுவும் படத்தோட கடைசி ஓரத்துல. அந்த ஏரியால எலும்பும் காத்தும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால டிஃப்யூஷன் படமே இழுத்து விட்ட மாதிரி கோணலா வரும், வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சாலும் அது நோயா, படக் கோளாறான்னு சந்தேகம்.

இதுல இன்னொண்ணு யாரும் பேச மாட்டாங்க. தலை சுத்தி வாந்தி எடுக்கிற பேஷன்ட்ட மல்லாக்கப் படுக்க வச்சு தலைல காயில் மாட்டுனா அவரு எப்படி ஆடாம இருப்பாரு? பாதில கை பல்ப அமுக்குவாங்க, வெளிய எடுப்போம், தொடைச்சுவிட்டு திரும்ப உள்ள. டிஃப்யூஷன் சீக்கிரம் முடியிற சீக்வென்ஸ்ங்கிறதால ஓரளவு தப்பிக்கும், மத்தது எல்லாம் ஆடிப்போயிருக்கும்.

கடைசியா அந்த ரிக்வெஸ்ட் ஸ்லிப். அதுல "பிரெயின் எம்ஆர்ஐ, தலைசுற்றல்"னு மட்டும் இருந்தா நாங்க ரெகுலர் செட்டிங்தான் போடுவோம். "மூளைத்தண்டு ஸ்ட்ரோக் சந்தேகம், நாலு கை காலும் பலவீனம், நாக்கு பலவீனம்"னு எழுதி வந்தா ரேடியாலஜிஸ்ட்டே ஃபோன் பண்ணி 3 மில்லிமீட்டர் வில்லை எடு, இடைவெளி விடாதே, நெத்தியிலேர்ந்து பின்னந்தலை வாக்குல கரோனலா ஒரு டிஃப்யூஷன் சேர்த்துக்கோ, கழுத்து ரத்தக்குழாய் வரைக்கும் ஆஞ்சியோ எடுன்னு சொல்லுவார். உங்க நியூராலஜிஸ்ட் "நான் சொல்ற மாதிரி"ன்னு சொன்னது இதத்தான்னு நினைக்கிறேன். அதே மிஷின், அதே பேஷன்ட், கேட்ட கேள்விதான் வேற.

நைட்டூட்டி_நியூரோ

நியூராலஜி ரெசிடென்ட். நான் பாக்காத பேஷன்ட் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன், பொதுவா சொல்றேன்.

ஸ்கேன்ரூம் அண்ணன் சொன்னது சரி, அதோட நேரத்தையும் சேர்த்துக்கங்க. நல்ல மிஷின், நல்ல வில்லை, நல்ல ரேடியாலஜிஸ்ட் எல்லாம் இருந்தும் மொதல் ஒண்ணு ரெண்டு நாள்ல பின்பக்க ஸ்ட்ரோக் (மூளைத்தண்டு, சிறுமூளைல வர்றது) டிஃப்யூஷன்ல தெரியாமப் போறது உண்டு. 2009ல ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்துச்சு, தலைசுத்தலோட வந்த ஸ்ட்ரோக் பேஷன்ட்கள்ல 12 சதவீதம் பேருக்கு முதல் எம்ஆர்ஐ நார்மல், எல்லாமே 48 மணி நேரத்துக்குள்ள எடுத்தது. அதே பேஷன்ட்கள்ட்ட கண்ணசைவ வச்சு படுக்கைலயே பண்ற மூணு சின்ன டெஸ்ட் ஸ்கேன விட முந்தி கண்டுபிடிச்சுது. இது ஒண்ணும் புதுசு இல்ல. 1895ல வாலன்பர்க்னு ஒரு ஜெர்மன் டாக்டர், ஸ்கேன்னு ஒரு வார்த்தையே இல்லாத காலம், ஒரு பேஷன்ட்ட சோதிச்சுப் பாத்தே முகுளத்துல இந்தப் பக்கம் இந்த இடம்னு எழுதி வச்சார், 1901ல பிரேதப் பரிசோதனை பண்ணிப் பாத்தா அதே இடம். நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டில ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு காத்துக்கிட்டு உக்காந்திருக்கும்போது எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான் வரும்.

உங்க பெரியப்பாவுக்கு வந்தது அதுலயும் அபூர்வம். முகுளத்தோட ஓரத்துல வர்றதுதான் ஓரளவு பாப்போம், நடுப்பகுதில வர்றது கம்மி, அதுவும் ரெண்டு பக்கமும்னா பல டாக்டர்கள் ப்ராக்டிஸ் முழுக்க ஒண்ணு ரெண்டுதான் பாத்திருப்பாங்க. நடுப்பகுதில முன்னாடி இருக்கிறது கை காலுக்குப் போற மோட்டார் பாதை, அதுக்குப் பின்னாடி மூட்டு எந்த நிலையில இருக்குங்கிற உணர்ச்சிப் பாதை, பக்கத்துலயே நாக்கு நரம்பு. முகத்துக்குப் போற பாதை இதுக்கு மேலயே பெரும்பாலும் பிரிஞ்சு போயிடும், அதனாலதான் வாய் கோணல. கட்டைவிரல் மேலயா கீழயான்னு கேட்டதும், நாக்க நீட்டச் சொன்னதும் அதுக்குத்தான். உள்ளங்கால்ல கீறினப்போ கட்டைவிரல் மேல போயிருக்கும், அப்படிப் போனா கோளாறு மூளையிலயோ தண்டுவடத்துலயோ இருக்கு, கை கால் நரம்புல இல்லன்னு அர்த்தம். அங்கயே ஜிபிஎஸ் பாதி அடிபட்டுடுச்சு.

ஹார்ட் ஷேப் ஏன்னா, மோட்டார் பாதை ரெண்டு பக்கமும் முன்னாடி புடைச்ச மாதிரி இருக்கும், நடுவுல ஒரு பள்ளம், உணர்ச்சிப் பாதை நடுக்கோட்டுல பின்னாடி ஒடுங்கிப் போகும். ரெண்டு பக்கமும் சேர்ந்து செத்துட்டா குறுக்குவெட்டுல அந்த வடிவம் வந்துடும். சிலருக்கு ஒய் எழுத்து மாதிரியும் வரும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போறதுக்குக் காரணம், சிலருக்கு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே குட்டி ரத்தக்குழாய்லேர்ந்து கிளை போகும், இல்லன்னா கழுத்து வழியா மூளைத்தண்டுக்குப் போற வெர்டிப்ரல் ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு கிளை வாயெல்லாம் அடைச்சுக்கும். சுகர் பேஷன்ட்ல ரெண்டாவது ரொம்ப சாதாரணம்.

ஜிபிஎஸ்னு நினைச்சதுக்கு அந்த டியூட்டி டாக்டர திட்டாதீங்க. நாலு கை காலும் தளர்ந்து, முழுங்க முடியாம, மூச்சு தடுமாறினா ஜிபிஎஸ்தான் முதல்ல வரும். ஸ்ட்ரோக்லயும் ஆரம்பத்துல ரிஃப்ளெக்ஸ் அடங்கித்தான் இருக்கும். முதுகுத் தண்ணில புரதம் ஏறுறதும், நரம்பு டெஸ்ட்ல மாறுறதும் ஜிபிஎஸ்லயே முதல் வாரத்துல தெரியாமப் போகலாம், அதனால அது நார்மலா வந்தாலும் முடிவு சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயம் உறுத்தணும்: ஜிபிஎஸ் நாள் கணக்குல ஏறும், உங்க கதைல காலைலேர்ந்து மத்தியானத்துக்குள்ள, அதுவும் தலைசுத்தலும் வாந்தியுமா ஆரம்பிச்சிருக்கு.

ஊசி விஷயம். கட்டி கரைக்கிற ஊசிக்கு 4.5 மணி நேரம், அது கடைசியா நல்லா இருந்தத பாத்த நேரத்துலேர்ந்து எண்ணணும். அவர் எழுந்திரிக்கும்போதே தலைசுத்தல்னா முந்தின ராத்திரி தூங்கப் போன நேரம்தான் கணக்கு. தூங்கி எழுந்தவங்களுக்கு எம்ஆர்ஐ வச்சு நேரத்த ஊகிச்சு ஊசி போடலாம்னு 2018ல ஒரு ட்ரையல் வந்துச்சு, ஆனா அதுக்கே டிஃப்யூஷன்ல வெள்ளை தெரியணும், உங்களுக்கு அதுவே தெரியல. பேசிலர்ங்கிற பெரிய குழாய் அடைச்சிருந்தா கதை வேற, வயர் போட்டு கட்டிய எடுக்கலாம், 2022ல ரெண்டு சீன ட்ரையல் 24 மணி நேரம் வரைக்கும் பலன் உண்டுன்னு காமிச்சுது. அதுக்குத்தான் ஆஞ்சியோ. ரெண்டாவது ஸ்கேன்ல பேசிலர் திறந்து இருந்துச்சான்னு ரிப்போர்ட்ல பாருங்க.

கொளத்தூர்வாசி

டாக்டர் ரொம்ப நன்றி. பேசிலர் ஓகேன்னு இருக்கு, இடது வெர்டிப்ரல்ல சுருக்கம்னு போட்டிருக்கு. ஒரு சந்தேகம், பெரியப்பா மாசாமாசம் சலூன்ல முடி வெட்டிட்டு கழுத்த நெட்டி முறிக்கச் சொல்லுவார், அதனாலயா?

நைட்டூட்டி_நியூரோ

கேக்க வேண்டிய கேள்விதான். கழுத்த சடக்குன்னு திருப்பும்போது வெர்டிப்ரல் குழாயோட உள்சுவர் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வர்றது உண்டு, இளம் வயசுக்காரங்கள்ட்ட அதத்தான் முதல்ல தேடுவோம். அதுக்குன்னு கொழுப்ப மறைச்சு எடுக்கிற டி1னு ஒரு வகை எம்ஆர்ஐ படம் இருக்கு, சுவருக்குள்ள ரத்தம் தேங்கியிருந்தா பிறை மாதிரி வெள்ளையா தெரியும். உங்க டாக்டர்ட்ட சலூன் விஷயத்த சொல்லுங்க, கடைசியா எப்ப முறிச்சார்னும் சொல்லுங்க. 61 வயசு, சுகர், பிபின்னா கொழுப்புப் படிவுதான் வாய்ப்பு அதிகம். எதுவா இருந்தாலும் இனிமே யாரும் அவர் கழுத்துல கை வைக்கக் கூடாது. எண்ணெய் போட்டு கழுத்த இழுத்து விடுறேன்னு வீட்டுக்கு ஆள் வரும், வாசல்லயே அனுப்பிடுங்க.

பெரம்பூர்_மல்லிகா

தம்பி, எங்க அம்மாவுக்கு இதோட பங்காளி வந்துச்சு, அந்த வாலன்பர்க்னு டாக்டர் சொன்னாரே, முகுளத்தோட ஓரத்துல வர்றது, அதே. ஆரம்பமே விக்கல். ராத்திரி பகலா விக்கல், யாரோ நினைக்கிறாங்கன்னு சிரிச்சோம், சக்கரை குடுத்தோம், தெருமுனை கிளினிக்ல கேஸ் மாத்திரை குடுத்தாங்க. நிக்கவே இல்ல. குளிப்பாட்டும்போதுதான் கவனிச்சேன், சுடுதண்ணி ஊத்துனா வலது தோள்ல சுடுதுன்னாங்க, அதே சொம்ப இடது தோள்ல ஊத்துனா ஒண்ணும் சொல்லல, முகத்துல மட்டும் தலைகீழா, இடது கன்னத்துல சுடுது, வலது கன்னத்துல தெரியல. அத அப்படியே ஒரு காயிதத்துல எழுதி நியூரோ டாக்டர்ட்ட குடுத்தேன், அவர் படிச்சுட்டு ஸ்கேன் ஸ்லிப்ல முகுளம்னு எழுதுனார். அம்மாவுக்கு முதல் ஸ்கேன்லயே வந்துடுச்சு.

நான் சொல்ல வந்தது சாப்பாடு பத்தி. மூக்கு ட்யூப் இருக்கும்போது பாசத்துல ஒரு வாய் காப்பி, ஒரு ஸ்பூன் தண்ணின்னு யாரும் வாய்ல ஊத்திடாதீங்க, எங்க பக்கத்து பெட்ல அப்படித்தான் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆச்சு. முழுங்க சொல்லித்தர ஒரு தெரபிஸ்ட் வருவாங்க, அவங்க ஓகே சொல்ற வரைக்கும் ட்யூப்தான். ட்யூப்ல ஊத்தும்போதும் தலைமாட்ட ஒசத்தி வைங்க, ஊத்துன உடனே படுக்க வைக்காதீங்க. அப்புறம் பெரியப்பாவுக்கு காது கேக்கும், புத்தி நல்லா இருக்கும், அவர் முன்னாடி நின்னு கேஸு கடன்னு சண்டை போடாதீங்க.

வடசென்னை_புலி

சரி மேடம், சரி டாக்டர், கேஸ் வேணாம்னு வச்சுக்குவோம். அப்போ தப்பே இல்லன்னு சொல்றீங்களா?

நைட்டூட்டி_நியூரோ

தப்பு ஸ்கேன்ல தெரியாதது இல்ல புலி. ஸ்கேன் நார்மல்னு வந்ததும் யோசிக்கிறத நிறுத்துனா அதுதான் தப்பு. முதல் ரிப்போர்ட்ல "சந்தேகம் தொடர்ந்தா மறுபடி எடுக்கவும்"னு ஒரு வரி இருந்துச்சா, அந்த ஸ்லிப்ல என்ன எழுதியிருந்துச்சு, நியூராலஜிஸ்ட்ட எப்ப கூப்பிட்டாங்க, இத எல்லாம் கேக்கலாம், கேக்கணும். ஆனா இவர் கேஸ்ல மறுநாளே கூப்பிட்டு மறுநாளே கண்டுபிடிச்சிருக்காங்க, லட்ச ரூபா ஊசி தேவையில்லாம போடல. இந்த நோய்க்கு அது மோசம் இல்ல.

இன்னொண்ணு, முகம் கோணுதா, கை விழுதா, பேச்சு குழறுதான்னு ஊர் முழுக்க சொல்லிக் குடுக்கிறோம்ல, அது முன்பக்க மூளைக்கு நல்லா வேலை செய்யும், ஸ்ட்ரோக்ல அஞ்சுல ஒண்ணு பின்பக்கம் வருது, அதுக்கு பத்தாது. சுகர், பிபி இருக்கிறவங்க திடீர்னு நடக்க முடியாத அளவுக்கு தலைசுத்தி, பார்வை ரெண்டு ரெண்டா தெரிஞ்சா இஞ்சிச்சாறு வேணாம், 108க்கு ஃபோன் பண்ணுங்க.

கொளத்தூர்வாசி

புரியுது. கசின்கிட்ட இந்த த்ரெட்ட அப்படியே காமிச்சேன், ஒண்ணும் பேசல. டாக்டர், பெரியப்பா எந்த அளவுக்கு தேறுவார்? ஒளிக்காம சொல்லுங்க. பில்லு வேற ஏறிக்கிட்டே போகுது, ஜிஹெச்சுக்கு மாத்தலாமான்னு யோசிக்கிறோம்.

நைட்டூட்டி_நியூரோ

ஒளிக்காமனா, ரெண்டு பக்க முகுள ஸ்ட்ரோக் கஷ்டமானது. முதல் சில வாரம் ஆபத்து ஸ்ட்ரோக்க விட மூச்சு, சளி, நிமோனியா, கால்ல ரத்தம் கட்டுறது இதுலதான். தொண்டைல ஓட்டை போட்டு ட்யூப் வைக்கணும்னு சொன்னா பயந்து மறுக்காதீங்க, சளி எடுக்க அது உதவி. அத தாண்டிட்டா பிசியோ மாசக்கணக்குல. சிலர் கை பிடிச்சு நடக்கிற அளவுக்கு வந்திருக்காங்க, சிலர் படுக்கையோடவே இருந்திருக்காங்க, இப்பவே எந்தப் பக்கம்னு சொல்ற டாக்டர நம்பாதீங்க. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சுகர், பிபி இதெல்லாம் ரெண்டாவது ஸ்ட்ரோக் வராம இருக்க, வாழ்நாள் முழுக்க. வீட்டுக்கு வந்தப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள்ட்ட பேர் குடுத்து வைங்க, பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோவும் உண்டு.

மாத்துறதுனா மூச்சு நிலையா இருக்கும்போது, வெண்டிலேட்டர் வசதி இருக்கிற ஆம்புலன்ஸ்ல, அங்க ஐசியூ பெட் இருக்குன்னு டாக்டரும் டாக்டரும் பேசி உறுதி பண்ணினப்புறம். சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜிஹெச்ல நியூராலஜிக்குத் தனி இன்ஸ்டிட்யூட்டே இருக்கு, அனுபவத்துக்குக் கொறவில்ல, பெட்டுதான் பிரச்சன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா இப்ப இருக்கிற ஆஸ்பத்திரியே அதுல இருக்கான்னு முதல்ல பில்லிங்ல கேளுங்க.

ஸ்கேன்ரூம்_ஆளு

எங்க மாத்துனாலும் ரெண்டு எம்ஆர்ஐயோட படம் போட்ட சிடி டிஸ்க்கும் கேட்டு வாங்குங்க, முதல்ல எடுத்ததும் சேர்த்து. ஃபிலிம் பத்தாது, அதுல எல்லா வில்லையும் அச்சடிச்சிருக்க மாட்டாங்க, சிடில முழு சீக்வென்ஸும் இருக்கும், புது டாக்டர் அவங்க கம்ப்யூட்டர்ல போட்டு அவங்களே உருட்டிப் பாப்பாங்க, திரும்ப ஒரு எம்ஆர்ஐ காசு மிச்சம். இப்பல்லாம் பல லேப்டாப்ல சிடி ட்ரைவே இல்ல, அதனால பென்ட்ரைவ்லயும் ஒரு காப்பி. ஃபிலிம ஜன்னல்ல புடிச்சு ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி ஒப்பீனியன் கேக்காதீங்க, அதுல எதிர்வீட்டு கொடில காயிற வேட்டிதான் தெரியும்.